மூடினால் லேப்டாப் தூங்கிவிடுமா?

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பயந்து புது லேப்டாப் வாங்கிய வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புகார்: முழு சார்ஜோடு ராத்திரி மூடி வைத்தது காலையில் முக்கால்வாசிக்கு இறங்கிவிடுகிறது, பையிலிருந்து எடுத்தால் சுடுகிறது, மெஷின் பழுதா? பழுதில்லை, பெயர்தான் தப்பு. பழைய லேப்டாப்பில் ஸ்லீப் என்றால் ரேமுக்கு மட்டும் துளி மின்சாரம் ஓடும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்த ஸ்லீப்பே கிடையாது. அந்த இடத்தில் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ வந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் திரை அணையும், ஆனால் பிராசசர் செல்போனைப் போல அரைத் தூக்கத்தில் இருந்தபடி, மெயில் வந்ததா, அப்டேட் வந்ததா என்று அவ்வப்போது எழுந்து பார்க்கும். மூடியைத் திறந்ததும் திரை ஒளிரும் என்று நிறுவனங்கள் பெருமைப்படுகின்றன. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு நொடிக்கான விலையை ராத்திரி முழுக்க பேட்டரி கொடுக்கிறது. ஏதாவது ஒரு டிரைவர் தூங்கவிடாமல் படுத்தினால், காற்று புகாத பைக்குள் மெஷின் வேகிறது. இதையும் மின்சேமிப்பு என்கிறார்கள்!

புதுச்சேரிக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்கள் தண்ணீரில் நின்றன, பல பகுதிகளில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கைவசம் இருப்பது பேட்டரியில் மிஞ்சியது மட்டும்தான். ஹைபர்நேட் கொடுத்தால், திறந்திருக்கும் வேலையை அப்படியே எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடும். இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். சார்ஜ் குறைந்தால் விண்டோஸ் தானாகவே ஹைபர்நேட்டுக்குப் போகுமே என்று கேட்கலாம். போகும், கொஞ்சம் சார்ஜைத் தின்றுவிட்டுத்தான். ஹைபர்நேட்டையே முடக்கி வைத்திருந்தால் அதுவும் இல்லை, சேமிக்காத வேலை போய்விடும். எஸ்எஸ்டி தேய்ந்துபோகும் என்பது இன்னொரு பயம். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் இதற்கான ஃபைல் வழக்கமாக ஆறரை ஜிபி அளவுதான். தினம் இரண்டு முறை முழுதாக எழுதினாலும் வருஷத்துக்கு 5 டெராபைட்டைத் தொடாது. சாதாரண 512 ஜிபி எஸ்எஸ்டிகூட நூறு டெராபைட்டுக்கு மேல் தாங்கும் என்றுதான் விற்கப்படுகிறது.

இவ்வளவு பயனுள்ளதை மெனுவில் ஏன் ஒளித்து வைத்தார்களோ! கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்று போங்கள். மேலே ‘கரன்ட்லி அன்அவைலபிள்’ என்று முடியும் வரியை முதலில் அமுக்கினால்தான் கீழே ஹைபர்நேட்டுக்கு டிக் போட முடியும். மூடியை மூடினாலும் ஹைபர்நேட் ஆகும்படி அதே பக்கத்திலேயே மாற்றலாம்.

திறக்க நேரமாகுமா? ஸ்லீப்பைவிடச் சில நொடிகள் கூட.

விண்டோஸ் 10-லேயே இருக்கலாமா? பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

ஷட் டவுன் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்குமா? ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக் இருக்கும்வரை இல்லை. அதற்கு ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.