பிரசவ வலியில் மல்லாந்துதான் படுக்கணுமா?

குழுக் கூட்டத்தில் பிரசவப் பேச்சு வந்தால் நம்மில் பலர் சொல்வது இதுதான்: "வலி வந்ததும் மல்லாக்கப் படுக்க வச்சுட்டாங்க, புரளக்கூட விடல." அப்படிப் படுத்தால்தான் பிள்ளை பிறக்கும் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பிரசவம் பார்ப்பவரின் வசதிக்காக வந்த பழக்கம். தென்னாட்டுக் கோயில் சிற்பங்கள் சிலவற்றைப் பாருங்கள்: இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, நின்றபடியே ஒருத்தி பிள்ளை பெறுவாள்.

நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தால், கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். தாய்க்குத் தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் ரத்தமும் குறையும். நின்றால், நடந்தால், உட்கார்ந்தால் பிள்ளையின் தலை தன் பாரத்திலேயே கீழே இறங்கும். முட்டி போட்டாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ வால் எலும்பு பின்னால் விலக இடம் கிடைக்கும். மல்லாந்து கிடந்தால் அந்த எலும்பு மெத்தையில் அழுந்தி நின்றுவிடும், பாவம் பிள்ளை எப்படி வரும்?

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலி நேரத்தில் நடமாடிய பெண்களுக்கு, படுத்தே கிடந்தவர்களைவிட வலி நேரம் சுமார் 1 மணி 20 நிமிடம் குறைந்திருக்கிறது. முக்கும் நேரத்தில் நிமிர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு ஆயுதம் போடுவதும், கீழே வெட்டித் தையல் போடுவதும் குறைவு. ஆனால் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடலாம் என்றும் தெரிகிறது. அதனால் இதை வீட்டுப் பிரசவத்துக்கு வக்காலத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியிலேதான் பெறணும்.

பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி, பிடித்துக்கொள்ளக் கம்பியோ கயிறோ போதும். உட்கார்ந்து ஆடுகிற பெரிய ரப்பர் பந்து சில இடங்களில் இருக்கும். இருந்தால் இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும்.

எல்லாருக்கும் நடமாட்டம் ஆகாது. பனிக்குடம் உடைஞ்சு, பிள்ளைத் தலை இன்னும் மேலேயே இருந்தால் எழுந்திருக்கக்கூடாது, தொப்புள்கொடி முன்னால் நழுவிவிடலாம். ரத்தப்போக்கு, அதிக ரத்த அழுத்தம், பிள்ளையின் இதயத்துடிப்பில் குறை, முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டது, இதிலெல்லாம் டாக்டர் சொல்வதுதான். அப்போதும் முடிந்தால் மல்லாக்க வேண்டாம், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாமான்னு கேட்கலாம்.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பிரசவ நிலையைப் பெண்ணே தேர்ந்தெடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த லக்‌ஷ்யா திட்டமும் இதையே சொல்கிறது, கூட ஒரு துணையும் வேண்டும் என்கிறது. வலி வந்த பிறகு கேட்க வாய் வராது. எட்டாம் மாதச் செக்கப்பிலேயே செவிலியரிடம் பேசி வையுங்கள். அம்மாவோ அண்ணியோ, யார் கூட வரப்போறாங்களோ அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு நமக்காகப் பேசப்போறது அவங்கதான்.