எக்ஸ்ரேயில் தெரியாத தோள்பட்டை வலி: எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்

மூட்டை தூக்குபவர்கள், பெயிண்டர்கள், சென்ட்ரிங் வேலை பார்ப்பவர்களை பாடாய்ப்படுத்துவது தோள்பட்டை வலி. சட்டை மாட்டக்கூட கை வராது. வலிக்கிற பக்கம் படுத்தால் ராத்திரி தூக்கம் போச்சு. 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்று தைலம் தேய்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால், 'எலும்பு நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். ஆனால் வலி மட்டும் போகாது. ஏன்?

நரம்பு அல்ல, நாண்

பல நேரம் அங்கே கெட்டுப்போயிருப்பது தசைநாண். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு அது. தோள் மூட்டை சுற்றி 4 தசைகளின் நாண்கள் பிடித்திருக்கின்றன. கையை தலைக்கு மேல் தூக்கியே வருஷக்கணக்கில் வேலை செய்தால் இந்த கயிறு உள்ளுக்குள் நைந்து தடித்துப்போகும். சர்க்கரை வியாதி, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். நாணை காட்டாது.

எப்படி தெரிகிறது?

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். 1.5 டெஸ்லா கருவியின் சக்தி, பூமியின் காந்த சக்தியை விட சுமார் 30 ஆயிரம் மடங்கு. ரேடியோ அலைகளை அனுப்பி, உடம்பில் உள்ள நீரில் இருந்து திரும்பி வரும் சிக்னலை படமாக்குகிறது. எக்ஸ்ரே போல கதிர்வீச்சு கிடையாது. நல்ல நாண் படத்தில் கறுப்பாக இருக்கும். நைய ஆரம்பித்தால் அதில் நீர் கூடி சாம்பல் நிறம் தட்டும். அறுந்த இடம் வெள்ளையாக தெரியும். அதாவது, அறுவதற்கு முன்பே கண்டுபிடித்து விடலாம்.

இந்த கட்டத்தில் பிடித்தால் பிசியோதெரபி பயிற்சியிலேயே பலருக்கு சரியாகிவிடும். முழுசாக அறுந்து நாளாகிவிட்டால் தசை சுருங்கி கொழுப்பு படிந்துவிடும். ஆபரேஷன் செய்து தைப்பதும் கஷ்டம். தைத்தாலும் மறுபடி மூட்டை தூக்க மாதக்கணக்கில் ஆகும். தினக்கூலி வீட்டில் அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே!

எல்லோருக்கும் தேவையா?

வலி வந்ததும் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டாம். டாக்டர் கையை தூக்கச்சொல்லி பார்த்தே நிறைய கண்டுபிடித்து விடுவார். செலவு குறைந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் நாண் கிழிசல் நன்றாக தெரியும். வயதானவர்களில் வலியே இல்லாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் தேய்மானம் தெரிவதுண்டு. எனவே படத்தை மட்டும் நம்பி ஆபரேஷனுக்கு தலையாட்டக்கூடாது. சில வாரம் பயிற்சி எடுத்தும் வலி விடாவிட்டால் ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கீழே விழுந்த பிறகு கையை தூக்கவே முடியாவிட்டால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கவனம்

இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் பிளேட் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்ப்பவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டிருந்தால் அதையும் மறைக்கக்கூடாது. காந்தம் அதை இழுத்தால் கண்ணுக்கே ஆபத்து. 'டம டம' சத்தத்துக்கு நடுவே சுமார் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.