கல்வராயன் சரிவின் சிவப்பு

வெள்ளிமலைக்கு ஏறும் சாலைக்காகக் கல்வராயன் மலையை வெட்டிய இடங்களில் மண் அடுக்கடுக்காகத் திறந்து கிடக்கிறது. மேலே கருமை கலந்த பழுப்பு, அதன் கீழே செம்மை, இன்னும் கீழே மஞ்சளும் வெளிறிய சாம்பலுமாகச் சிதைந்துகொண்டிருக்கும் பாறை. இந்த நிறங்களைக் கரைத்துப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்வது இன்று சூழலியல் கல்வியில் விரும்பிச் செய்யப்படும் பயிற்சி. மண்ணைத் தொட்டால் மண்மீது அன்பு வரும் என்பதுதான் பெரும்பாலும் அதற்குச் சொல்லப்படும் நியாயம். அன்பு வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பயிற்சியின் மதிப்பு வேறிடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். மண்ணின் நிறம் ஒரு தகவல். வண்ணம் தயாரிக்க உட்காரும் பிள்ளை அந்தத் தகவலைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. ‘இந்த மண் ஏன் இந்த நிறம்?’ என்ற கேள்வியை ஆசிரியர் கேட்காமல் விட்டால் அது வெறும் ஓவிய வகுப்பாக முடிந்துவிடும்.

செம்மண்ணைச் சிவக்க வைப்பது ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும். நீர் நன்றாக வடிந்து காற்றுப் புகும் மண்ணில்தான் அது சேரும். ஈரம் கூடுதலாகத் தங்கும் இடத்தில் நீரைத் தன் கட்டமைப்பிலேயே கொண்ட கோதைட் உருவாகி மஞ்சள் தருகிறது. மஞ்சள் காவியை 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அந்த நீர் வெளியேறி, கண்ணெதிரே அது செங்காவியாகிறது. நீர் தேங்கியே கிடக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரையும் நிலைக்கு மாற்றிவிட, மண் சாம்பல் நிறமாகிறது. ஆக, ஒரு காட்டில் மூன்று இடத்து மண்ணைக் காகிதத்தில் தடவிப் பார்த்தால், எங்கே நீர் வடிகிறது, எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மண்ணியலாளர்கள் கையில் வைத்திருக்கும் மன்செல் நிற அட்டை செய்வதும் இதைத்தான்.

காவியின் நிறம் வெளுக்காததற்குக் காரணமும் இரும்புதான். ஏற்கெனவே முழுக்கத் துருவாகிவிட்ட இரும்பை வெயிலும் காற்றும் மேற்கொண்டு மாற்றுவதற்கு அதிகம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் கடற்சிப்பிகளில் குழைத்த காவி கிடைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெள்ளிமலை அமைந்த கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும் வரை இருந்த அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் கீழ்வாலைப் பாறை ஓவியங்கள் செங்காவியில் நிற்கின்றன. சித்தன்னவாசல் ஓவியங்களின் மஞ்சளும் சிவப்பும் காவிமண்ணே என்பதை 1930-களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து சொன்னார். கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிப்பதும், கோலத்துக்குச் செம்மண் கரை கட்டுவதும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

வண்ணம் செய்யும் முறையைக் கவனித்தால் அது மண் பரிசோதனைக்கூடத்தின் முறையாகவே இருக்கும். மண்ணை நீரில் கலக்கி விட்டால் மணல் சில நொடிகளில் அடியில் இறங்கிவிடும். வண்டல் நிமிடக் கணக்கில் இறங்கும். 2 மைக்ரோமீட்டர் அளவுள்ள களித்துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். துகளின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் நான்கில் ஒன்றாகும் என்ற விதியே இதற்கு அடிப்படை. மேலே நிற்கும் கலங்கல் நீரை வடித்தெடுத்து உலர்த்தி, விளாம் பிசினோ கருவேலம் பிசினோ சேர்த்தால் வண்ணம் தயார். அடியில் தங்கிய மணலையும் வடித்தெடுத்த களியையும் எடை போட்டால் அந்த மண்ணின் இழைநயம் கையில் இருக்கும். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் செம்மண், கரிசல் இரண்டும் உண்டு. இரண்டையும் கனமாகப் பூசி உலர விட்டால், செம்மண் பூச்சு பெரும்பாலும் அப்படியே நிற்கும். கரிசல் பூச்சு வெடித்துப் பாளம் பாளமாகப் பெயரும். கோடையில் கரிசல் காடு வெடிப்பதற்குக் காரணமான அதே களிக்கனிமம், நீரை உறிஞ்சிப் பருத்துக் காய்ந்ததும் சுருங்குவதுதான் காகிதத்தில் சிறிதாக நடக்கிறது. கரிசலின் கருமையைப் பார்த்து அதில் மக்குப்பொருள் நிறைய இருக்கும் என்று எண்ணுவது தவறு என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம். பல கரிசல் நிலங்களில் கரிமச்சத்து நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை.

கல்வராயனுக்கு இந்தப் படிப்பு ஏன் அவசரம் என்பது சாலையோர அடுக்குகளிலேயே இருக்கிறது. மேலே உள்ள கரும்பழுப்பு அடுக்கு மக்கிய இலையாலும் வேராலும் ஆனது. பயிருக்கு உணவும் மழைக்கு இடமும் தருவது. அது அரித்துப்போனால் கீழேயுள்ள சிவப்பு மேலே வருகிறது. தூரத்திலிருந்து அழகாகத் தெரியும் செக்கச்செவேல் சரிவு, பல இடங்களில் மேல்மண்ணை இழந்த சரிவு. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விதைத்த நிலங்கள் பலவற்றில் இப்போது மரவள்ளி நிற்கிறது. மரவள்ளிக்கு இடைவெளி அதிகம். தழை மூட மாதங்கள் ஆகும். கிழங்கு பிடுங்கும்போது நிலம் முழுவதும் கிளறப்படும். சரிவில் இவை மூன்றும் சேர்ந்தால் மழை மண்ணைக் கொண்டுபோகும். போன மண் கோமுகி ஆற்றிலும் அணையிலும் ஏரிகளிலும் படிகிறது. மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. சரிவின் மண்ணையும் ஏரி வண்டலையும் அருகருகே ஒரே தாளில் பூசிப் பார்க்கும் பிள்ளை, மலையில் குறைந்த கருமை ஏரியில் கிடப்பதைக் காணும்.

படம் வரைந்தால் அரிப்பு நிற்குமா என்று கேட்பார்கள். நிற்காது. மரவள்ளியின் விலையையும், சாமை விளைவித்தால் வாங்க ஆள் இல்லாததையும் தூரிகை மாற்றாது. ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதியே இதற்குச் சாட்சி. அங்கே பெண்கள் அறுவடைக் காலத்தில் சோஹ்ராய், திருமணக் காலத்தில் கோவர் ஓவியங்களைச் செம்மண், மஞ்சள் மண், வெண்களி, மாங்கனீசு கலந்த கருமண் கொண்டு வீட்டுச் சுவர்களில் தீட்டுகிறார்கள். 1993-இல் புலு இமாம் முன்னின்று பழங்குடிப் பெண் ஓவியர்களின் கூட்டுறவு ஒன்று தொடங்கப்பட்டது. வட கரன்புரா பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கங்களால் அழிவது எது என்பதை அந்த ஓவியங்கள் வெளிநாடுகள் வரை கொண்டுசென்றன. 2020-இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுரங்கங்கள் நிற்கவில்லை. ஆனாலும் ‘வெற்று நிலம்’ என்று கோப்பில் எழுதப்படக்கூடிய இடத்துக்குப் பெயரும் பயனும் உரிமையாளர்களும் உண்டு என்பதை அந்தச் சுவர்கள் பதிவாக்கின. வாதாடுவதற்கு முதலில் தேவை அந்தப் பதிவு.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் இன்னொன்று. செவல், சரளை, களர், உவர் என்று மண்ணைப் பிரித்துப் பெயரிட்ட மக்களுக்கு யார் போய் மண்ணைப் பற்றிக் கற்பிப்பது? கேள்வி நியாயமானது. அதனால்தான் வகுப்பில் முதலில் பேச வேண்டியவர் ஊரின் மூத்த உழவர். எந்த மண்ணில் எது விளைந்தது என்று அவர் சொல்ல, பிள்ளைகள் அந்த மண்ணைக் கரைக்கட்டும். மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு, காட்டு வேலையோடு கூடவே வந்த இந்த அறிவு விடுதி வாழ்க்கையில் தானாக வருவதில்லை. கோமுகி நீரைப் பாய்ச்சும் சமவெளிப் பிள்ளைகளுக்கோ தங்கள் வயல் வண்டல் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்பதே புதிய செய்தி.

இயற்கை வண்ணம் என்பதாலேயே அது தீங்கற்றது என்று சொல்லிக்கொடுக்கவும் கூடாது. பழைய ஓவியர்கள் பயன்படுத்திய அரிதாரத்தில் ஆர்சனிக் உண்டு. சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு. இரண்டும் மண்ணிலிருந்து வருபவைதான். பணிமனை, குப்பைமேடு, பூச்சிமருந்து அடித்த வயல் ஆகிய இடங்களில் மண் எடுக்கக் கூடாது. உலர்ந்த மண்ணை இடித்தால் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலுக்குள் போகும் என்பதால் நனைத்தே அரைக்க வேண்டும். படம் வரையவே மண்ணைத் தோண்டுவதா என்ற கவலைக்கு இடமில்லை. ஒரு படத்துக்குச் சில கிராம் போதும். சாலை வெட்டிலும் கிணற்று மேட்டிலும் தூர்வாரிய ஏரிக்கரையிலும் அது கிடைக்கும்.

காவி வெளுக்காது என்பதில் பள்ளிகள் பயன்படுத்திக்கொள்ளாத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஒரு சரிவில் ஐந்து இடங்களைக் குறித்து வைத்து, ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதே இடங்களில் ஒரே ஆழத்தில் மண் எடுத்து, முழுக்க உலர்த்தி, ஒரே சல்லடையில் சலித்து, ஒரே பிசினில் குழைத்து, ஓர் அட்டையில் பூசித் தேதியிட்டு வைக்கலாம். ஈரமான மண் எப்போதும் கருத்தே தெரியும்; எனவே உலர்த்துவதில் மட்டும் சலுகை கூடாது. பத்து அட்டைகள் சேர்ந்தபின், கருமை குறைந்து சிவப்பு ஏறியிருக்கிறதா, எந்த இடத்தில் ஏறவில்லை, அங்கே என்ன பயிர் நின்றது, வரப்பு இருந்ததா என்று கேட்க அந்தப் பள்ளியிடம் சொந்தச் சான்று இருக்கும்.