ஆசிரமத்தில் தங்கப் போகிறீர்களா? முதலில் காபியைக் குறையுங்கள்

யோகா ஆசிரமத்தில் நாலு நாள் தங்கிவிட்டு வரலாமா என்று யோசிக்கிறீர்களா? மதுரைக்காரர்கள் இதற்காக ரிஷிகேஷ் வரை போக வேண்டியதில்லை. நகரத்துக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், பாலமேட்டுக்குப் பக்கத்துச் சரந்தாங்கியில் சிவானந்த யோக வேதாந்த மீனாட்சி ஆசிரமம் இருக்கிறது.

யார் இந்தச் சிவானந்தர்? 1887-ல் பத்தமடையில் பிறந்தவர். மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்துவிட்டு, ரிஷிகேஷ் போய்த் துறவியானார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-ல் மேலைநாடுகளுக்குப் புறப்பட்டார். 1959-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் முதல் மையத்தைத் தொடங்கினார். அவர் வழியில் வந்த இந்த ஆசிரமங்களுக்கு வெளிநாட்டவர் நிறையப் பேர் வருவது அதனால்தான். வகுப்பு ஆங்கிலத்திலா, தமிழிலும் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? விடியற்காலை ஐந்தரைக்கு முன்பே மணி அடித்துவிடும். ஆறு மணிக்கு சத்சங்கம் (கூடி உட்கார்ந்து தியானம் செய்வது, பாடுவது, கொஞ்சம் பேச்சுக் கேட்பது). பிறகு மூலிகைத் தேநீர். எட்டு மணி வாக்கில் ஆசன வகுப்பு. பத்து மணிக்குச் சாப்பாடு. அடுத்து ஒரு மணி நேரம் கர்மயோகம் (கூலி எதிர்பார்க்காமல் செய்யும் பொது வேலை). பிற்பகலில் ஒரு சொற்பொழிவு, மறுபடியும் ஆசனம், மாலை ஆறுக்கு இரண்டாவது சாப்பாடு. இரவு இன்னொரு சத்சங்கம். பத்து, பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும். நேரம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்; வரிசை பெரும்பாலும் இதுதான்.

“எனக்குப் பிடித்த வகுப்புக்கு மட்டும் போகலாமா?” முடியாது. எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்பது விதி. படிக்கலாம் என்று நான்கு புத்தகம் எடுத்துப் போனால் நான்கும் பிரிக்காமலே திரும்பி வரும். வாடகை கொடுத்து ஓய்வெடுக்கும் இடம் வேண்டுமென்றால் கொடைக்கானல்தான் சரி.

இரண்டு வேளைச் சாப்பாடு போதுமா? பெரும்பாலானவர்களுக்குப் போதும். பத்து மணிக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டு ஆபீஸ் போன தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. வெங்காயம், பூண்டு, முட்டை, இறைச்சி கிடையாது. சின்ன வெங்காயம் இல்லாத சாம்பார் முதல் நாள் சப்பென்றிருக்கும். பெருங்காயமும் இஞ்சியும் கைகொடுப்பது இரண்டாம் நாள்தான் நாக்குக்குத் தெரியும்.

ஆனால் சர்க்கரை நோயாளிகள் இங்கே கவனமாகப் படியுங்கள். பத்திலிருந்து ஆறு வரை எட்டு மணி நேரம். மாலை ஆறிலிருந்து மறுநாள் பத்து வரை பதினாறு மணி நேரம். வீட்டில் எட்டு மணிக்கு இட்லிக்கு முன் மாத்திரை போடுகிறவர், அதே பழக்கத்தில் இங்கேயும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் சூரிய நமஸ்காரம் செய்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கிளம்புவதற்கு முன் இந்தச் சாப்பாட்டு நேரத்தை உங்கள் மருத்துவரிடம் காட்டி, மருந்தை எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். ஆசிரமத்திலும் சொல்லிவிடுங்கள். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். அதைச் சாப்பிடுவது கட்டுப்பாட்டை மீறுவது ஆகாது.

காபி? கிடையாது. மூலிகைத் தேநீரைத் தவிர டீயும் கிடையாது. தினமும் மூன்று டம்ளர் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். காபியில் உள்ள காஃபீன் (மூளையைச் சுறுசுறுப்பாக்கும் பொருள்) உடம்புக்குப் பழகிப்போனதன் விளைவு இது. இதை யோகாவின் பக்கவிளைவு என்று நினைத்துப் பெட்டியைக் கட்டுகிறவர்கள் உண்டு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பகுதி தலைவலி வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

உடம்பு வளையாதே, என்ன செய்வது? பரவாயில்லை. இந்த மரபில் பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் தொடங்கி, கால்களை அகட்டி நிற்கும் திரிகோணாசனத்தில் முடியும். ஆசனங்களுக்கு நடுநடுவே சவாசனம் (மல்லாந்து படுத்து உடம்பைத் தளர விடுவது) உண்டு என்பதால் மூச்சு வாங்காது. புதியவர்கள் பாதி நிலையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கழுத்துத் தேய்மானம் இருந்தால் சிரசாசனம் வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதியையும் (வயிற்றை உள்ளே வெட்டி இழுத்து வேகமாக மூச்சுவிடும் பயிற்சி) தவிர்க்க வேண்டும். இதையெல்லாம் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். நடுவில் கூச்சப்பட்டுக்கொண்டு முயன்று பார்ப்பதுதான் வம்பு.

உண்மையில் ஆசனத்தைவிட, காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்காருவதுதான் பலருக்குக் கஷ்டம். கால் மரத்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள் ஒரு சின்னத் தலையணையையோ, நாலாக மடித்த போர்வையையோ பிட்டத்துக்கு அடியில் வைத்து இடுப்பை உயர்த்துங்கள். முழங்கால் தானாகத் தரையை நோக்கி இறங்கும், முதுகும் நிமிரும். தூக்கம் வந்தால்? எல்லோருக்கும் வரும், யாரும் திட்ட மாட்டார்கள்.

சாமி கும்பிடாதவர் போகலாமா? போகலாம். ஆனால் பாட்டும் ஆரத்தியும் நாள்தோறும் இரண்டு வேளை உண்டு. பாட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். அதுவும் ஒத்துவராது என்றால் நகரத்திலேயே ஒரு ஆசன வகுப்பில் சேர்வது நல்லது.

கர்மயோகத்தில் என்ன வேலை கொடுப்பார்கள்? காய் நறுக்குவது, கூடம் பெருக்குவது, பாத்திரம் கழுவுவது போன்றவைதான். வீட்டில் துடைப்பத்தைத் தொடாத ஆண்களுக்கு இதுதான் உண்மையான ஆசனம் என்பேன்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. தோளும் முழங்காலும் மறைக்கும் தளர்வான பருத்தி உடை, யோகா பாய், காலைக்கு ஒரு சால்வை, கொசுவத்தி. டார்ச் மறக்காதீர்கள், விடியுமுன் கிராமத்துப் பாதையில் நடக்கும்போது பாம்பு, தேள் இருக்கிறதா என்று பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

எத்தனை நாள் தங்கலாம்? முதல் தடவை என்றால் நான்கைந்து நாளாவது வேண்டும். முதல் இரண்டு நாள் தலைவலியிலும் தொடை வலியிலும் போய்விடும். சனி, ஞாயிறு மட்டும் தங்கினால் அவ்வளவுதான் மிஞ்சும். மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசி வெயிலைத் தவிருங்கள். மார்கழி, தை இதமாக இருக்கும். ஒன்றே ஒன்று: மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டிலும் மறுநாள் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு. அந்த வாரம் வருவதானால் பொங்கலுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் சாலையில் கூட்டத்தைத் தாண்டி வருவது பெரும்பாடு.