மொட்டை மாடிக்கு ஏறக் கூடாத குளம்

சென்ற வாரம் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கைப் பார்த்தோம். அதே பொடியும் அதே கணக்கும் இந்த வாரம் தரைக்கு மேலே நிற்கும் ஒரு குளத்துக்குப் போகின்றன. பெட்டியில் வரும் குளம் இது: இரும்புக் குழாய்ச் சட்டம், தடித்த பிவிசி உறை, ஒரு பம்ப், ஒரு வடிகட்டி. நாலு பேர் சேர்ந்தால் அரை நாளில் சட்டத்தைப் பூட்டி நிறுத்திவிடலாம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய சந்தை இது. நாஞ்சில் நாட்டுச் சரக்கு வண்டிகள் கரமனையாற்றையும் கிள்ளியாற்றையும் தாண்டி வந்து இறங்கிய இடம். தார்ப்பாய், ஹோஸ், குழாய், கயிறு, பிளீச்சிங் பவுடர் என்று குளத்துக்கு வேண்டியதெல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். காலி இடம்தான் கிடைக்காது. பக்கத்தில் தம்பானூரில் மாஞ்ஞாலிக்குளம் என்று ஒரு பெயர் இருக்கிறது. இன்று அங்கே இருப்பது தெருவும் மைதானமும்தான். இடம் இல்லாத ஊரில் மனம் நேராக மொட்டை மாடிக்குப் போகும். இந்தக் குளம் சாலைக்கு வேண்டும், ஆனால் அதன் இடம் பள்ளிக்கூட முற்றமோ சங்கத்தின் பொதுத் திடலோதான். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருவதுதான் அதன் வேலை. இதைத்தான் இந்த வாரம் சொல்ல வருகிறேன்.

முதலில், ஏன் வேண்டும்? கேரளத்தில் தண்ணீரை விட்டு விலகி வாழ முடியாது. 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2009-ல் தேக்கடியில் 45 பேர், 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். கவிழ்ந்த படகுக்குள் மாட்டிக்கொண்டவரை நீச்சல் மட்டும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்தியாகாத சாவுகள் வேறு வகை: ஆற்றுப் படியில் வழுக்கிய பையன், விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்து குளத்தில் இறங்கிய சிறுமி. இவர்களுக்கு அரை நிமிடம் மிதக்கத் தெரிந்திருந்தால் கதையே வேறு. 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வங்கதேசத்தில் ஸ்விம்சேஃப் என்ற திட்டம் கிராமத்துக் குளங்களில் மூங்கில் தட்டி கட்டி 4 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தந்தது. கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2012-ல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது. டாக்கா நகரத்தில் அப்படிப்பட்ட குளங்கள் கைக்கு எட்டாதபோது, அதே திட்டம் கையில் எடுத்தது பெட்டியில் வரும் இந்த வகைக் குளத்தைத்தான்.

‘கடல் இருக்கிறது, ஆறு இருக்கிறது, இரும்புச் சட்டத்தில் குளம் எதற்கு?’ என்பது முதல் மறுப்பு. கடல் நீந்தத் தெரிந்தவனையே சோதிக்கும் இடம். சங்குமுகத்தில் யாரும் முதல் பாடம் நடத்த முடியாது. மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் ஆழம் இருக்கும். குளங்களைப் பற்றி 2024-க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குளம் ஒன்றில் குளித்தவர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததிலிருந்து தாய்மார் பிள்ளைகளைக் குளக்கரைப் பக்கமே விடுவதில்லை. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்த அமீபா குடிப்பதால் வராது. மூக்குக்குள் ஏறும் தண்ணீரோடு மூளைக்குப் போகிறது. குதிப்பதும் முங்குவதும்தானே நீச்சல் பழகும் பிள்ளையின் முழு வேலையும்! அப்படியானால் செயற்கைக் குளம் மட்டும் பத்திரமா என்று கேட்டால், கேள்வி சரியானது. 2025 செப்டம்பரில் இந்த நகரத்தின் சுற்றுலா நீச்சல் குளம் ஒன்றில் குளித்திருந்த 17 வயது மாணவனுக்கு இதே நோய் உறுதியானதும் சுகாதாரத் துறை அந்தக் குளத்தை மூடியது. நீலத் தளமும் ஏணியும் தண்ணீரைச் சுத்தமாக்காது. தண்ணீரில் தங்கி நிற்கும் குளோரின் சுத்தமாக்கும். அதை அளந்து பார்க்க ஒருவர் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் எந்தக் குளத்தையும் நம்பலாம், அல்லது ஒதுக்கலாம்.

இரண்டாவது மறுப்பு மாடிக்காரர்களுடையது. ‘எங்கள் மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி நிற்கவில்லையா, கல்யாணத்துக்கு நூறு பேர் சாப்பிடவில்லையா?’ என்பார்கள். கணக்குப் போடுவோம். வீடுகளுக்கான சிறிய வட்டக் குளம் ஒன்று 12 அடி குறுக்களவு. அதில் 60 சென்டிமீட்டர் தண்ணீர் விட்டால் சுமார் 6,300 லிட்டர், அதாவது ஆறே கால் டன். ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதே நூல் நெரிசலாகக் கூட்டம் நிற்கும் மண்டபத்துக்கே 500 கிலோதான் வைக்கிறது. கல்யாண மண்டபத்தின் தரைக்கு வைத்த அளவையும் இந்தப் பிள்ளை விளையாட்டு தாண்டிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியைக் கொத்தனார் தூணின் தலையிலோ சுவரின் மேலோ பார்த்து வைப்பார். குளம் நடு ஸ்லாபில், ஒன்றும் தாங்காத இடத்தில் உட்காரும். விருந்துக்கு வந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் இறங்கிப் போவார்கள். தண்ணீர் இரண்டு மாதம் இரவும் பகலும் அங்கேயே நிற்கும். சாலையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கீழே கடை, மேலே சரக்கு. ஏற்கெனவே மூட்டைகளைச் சுமக்கும் கட்டடத்தின் தலையில் இதையும் வைப்பது, கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் தலைமேல் வைப்பதுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பொறியாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராத எந்த மாடியிலும் இந்தக் குளம் ஏறக் கூடாது.

தரைக்கு வருவோம். பள்ளிக்கு ஏற்றது 24 அடிக்கு 12 அடிச் செவ்வகம். 90 சென்டிமீட்டர் தண்ணீர் விட்டால் சுமார் 24,000 லிட்டர், 24 டன். தண்ணீர் கீழே அழுத்துவதை எல்லோரும் நினைக்கிறார்கள். பக்கவாட்டில் தள்ளுவதை மறந்துவிடுகிறார்கள். அந்த 24 அடி நீளச் சுவர் ஒன்றின் மேல் தண்ணீரின் தள்ளல் கிட்டத்தட்ட 3 டன். தள்ளல் ஆழத்தின் வர்க்கமாகக் கூடும் என்பதால், ஒரு பக்கம் வெறும் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் பாரம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பத்தாம் நாள் அந்தப் பக்கத்துக் கால் மண்ணில் இறங்கும், சட்டம் வெளியே சாயும், உறையின் தையல் விரியும். மேடும் பள்ளமுமான இந்த நகரத்தில் கண்ணுக்குச் சமமாகத் தெரியும் முற்றம் எதுவும் சமம் இல்லை. அதனால் மட்டம் பார்ப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. சின்ன ரசமட்டம் இந்த நீளத்துக்குப் போதாது. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் லெவல் டியூப் வேண்டும். நாலு மூலையிலும் குச்சி அடித்து, டியூபின் ஒரு முனையை ஒரு குச்சியோடு பிடித்துக்கொண்டு, மற்ற முனையை ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுபோய், தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். குமிழி ஒன்று டியூபுக்குள் இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும்.

அளந்த பிறகு செய்யும் தவறு ஒன்று உண்டு. பள்ளமான பக்கத்தில் மண் கொட்டி உயர்த்துவது. புதிதாகக் கொட்டிய மண் 24 டன்னுக்குக் கீழே எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேட்டை வெட்டிப் பள்ளத்தோடு சமமாக்க வேண்டும், எவ்வளவு கைவலித்தாலும். வெட்டிய செம்மண்ணில் கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சலித்த மணல், அதன் மேல் தார்ப்பாய். சட்டத்தின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிமென்ட் பலகை, தரைமட்டத்தோடு புதைந்து. உறையைத் தரையில் இழுக்கக் கூடாது, நாலு பேர் தூக்கி விரிக்க வேண்டும். ஒரு கூழாங்கல் அடியில் மாட்டினால் அந்த வருடத்தோடு சரி. வெயிலில் அரை மணி நேரம் விட்டால் பிவிசி இளகும், சுருக்கங்களைக் காலால் நீவிவிடலாம். ஒரு சாண் தண்ணீர் ஏறியதும் நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து அளக்க வேண்டும். விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா? இல்லையென்றால் இறைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இந்த இடத்தில் மனம் வராமல் ‘பரவாயில்லை’ என்று நிரப்பியவர்களின் குளம்தான் பிறகு சாய்கிறது.

திறப்பு என்பது ரிப்பன் வெட்டும் சடங்காக ஆகிவிடக் கூடாது. தண்ணீர் நிரம்பிய அன்று யாரும் இறங்கக் கூடாது. கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பொடி என்று பார்த்தோம். அது லிட்டருக்கு முக்கால் மில்லிகிராம் குளோரின் தரும். நாற்பது பிள்ளைகளின் வியர்வையும் எண்ணெயும் கலக்கும் தண்ணீருக்கு அது போதாது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் வேண்டுமென்றால், 30 சதவீதம் வீரியமுள்ள பொடியில் இந்தக் குளத்துக்கு 240 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்ததை மட்டும், பம்ப் ஓடும்போது, வெயில் தாழ்ந்த பிறகு ஊற்ற வேண்டும். பகலில் ஊற்றினால் சில மணி நேரத்தில் சூரியன் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பொடி வாங்கும்போது மூட்டை எத்தனை நாளாய்த் திறந்திருக்கிறது என்று கேட்பது நல்லது. சாலையின் ஈரக் காற்றில் திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் போய் வெறும் சுண்ணாம்பாக மாறிக்கொண்டிருக்கும். நீச்சல் குளத்துக்கென்று விற்கும் குளோரின் மாத்திரையோடு இதை ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். காலையில் குளோரின் பார்க்கும் கிட்டில் நிறம் பார்த்து 1-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால், பிஎச் 7.2 முதல் 7.8-க்குள் இருந்தால், அடியில் வைத்த கறுப்பு வட்டம் கரையிலிருந்து தெளிவாகத் தெரிந்தால், அன்றைக்குக் குளம் திறந்தது. பிஎச் 8-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் இதே சோதனை மறுபடி. வடிகட்டி மணிக்கு 4,000 லிட்டர் சுற்றினால் ஒரு முழுச் சுற்றுக்கு 6 மணி நேரம். அதற்குக் குறையாமல் தினம் ஓட வேண்டும்.

‘கோடையில் குடிக்கவே தண்ணீர் லாரி வருகிறது, இதற்கு 24,000 லிட்டரா?’ என்ற மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அருவிக்கரையிலிருந்து 1933 முதல் குழாயில் வரும் நீரை நம்பி இருக்கும் நகரம் இது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற நகர அளவில், நாலு பேர் குடும்பத்துக்கு இது 44 நாள் தண்ணீர். ஒரு வீட்டு மாடியில் இரண்டு பிள்ளைகள் விளையாட இவ்வளவு தண்ணீர் எடுத்தால் அதை நானும் எதிர்ப்பேன். ஆனால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் நாற்பது பிள்ளைகள் கற்றுக்கொண்டால் தலைக்கு 600 லிட்டர். ஒருவரின் நாலரை நாள் பங்கு. ஆவியாவதையும் தெறிப்பதையும் ஈடுகட்ட மேலும் கொஞ்சம். வாரம் ஒருமுறை கொட்டி நிரப்புகிறவர்கள்தான் தண்ணீரை வீணாக்குகிறார்கள்; குளோரினும் வடிகட்டியும் ஒழுங்காக இருந்தால் ஒரு நிரப்பு சீசன் முழுவதும் வரும். பொது இடம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு எடைக்கு அடுத்த காரணம் இந்தப் பங்குக் கணக்குதான்.

பொது இடத்துக்கு ஒரு குறையும் உண்டு: எல்லோருடைய குளம் யாருடைய குளமும் இல்லாமல் போகும். ஆகவே சாவி ஒருவர் கையில் இருக்க வேண்டும். காலைச் சோதனையை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுபவரும் அவரே. பாடம் முடிந்ததும் ஏணியை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும், சுற்றிலும் ஆள் இடுப்பு உயரத்துக்கு மேல் வேலி வேண்டும். ஆஸ்திரேலியாவில் தரைமேல் வைக்கும் குளத்துக்கும் 1.2 மீட்டர் வேலி சட்டப்படி கட்டாயம். தவழும் பிள்ளைக்கு முழங்கால் ஆழமே போதும் என்று அனுபவத்தில் கண்டு வைத்த சட்டம் அது. பம்புக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துப் புல்லில் போடக் கூடாது. எர்த் உள்ள இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் எலெக்ட்ரீஷியன் வைத்துத் தர வேண்டும். மே மாதத்துப் பிற்பகலில் இடி கேட்டால் பாடம் அங்கேயே முடிந்தது.

இடவப்பாதி மழை தொடங்கும் முன், மே கடைசி வாரத்தில் குளத்தைப் பிரித்துவிட வேண்டும். மழைநீர் விழுந்து குளோரின் இறங்கிய குளம் பத்து நாளில் டெங்குக் கொசுவின் தொட்டில் ஆகும். கொசு வளரும் நீர் தேங்கவிட்டால் 2023-ன் கேரளப் பொது சுகாதாரச் சட்டப்படி தண்டமும் உண்டு. இறைப்பதற்கு நாலைந்து நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்திவிட்டால் வெயிலே அதைப் போக்கிவிடும். பிறகு அந்தத் தண்ணீரை ஒரே நேரத்தில் ஓடையில் திறந்துவிடாமல், பள்ளி மரங்களுக்கும் முற்றம் கழுவவும் இரண்டு நாளாகச் செலவழிக்கலாம்; மழைக்காலத்தில் கிழக்கே கோட்டையும் தம்பானூரும் முங்குவதைக் குறைக்க 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று பெரிய வேலை நடந்த பகுதி இது, அதன் ஓடைகளில் 24,000 லிட்டரைக் கூட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. உறையைக் கழுவி, மடிப்புகளுக்குள் ஈரம் இல்லாமல் இரண்டு பக்கமும் நிழலில் காயவைத்து, முகப்பவுடர் தூவிச் சுருட்டினால் அடுத்த ஏப்ரலில் ஒட்டாமல் விரியும். சட்டத்தின் கால்கள் நின்ற சிமென்ட் பலகைகளைப் பெயர்க்க வேண்டாம். மட்டம் பார்த்துப் புதைத்தவை, அப்படியே இருக்கட்டும்.