கால் கூடிடுச்சு... மனசு?

(உடல்நலப் பகுதி. எழுதியவர்: +1 'ஆ' பிரிவு மாணவி)



"நாலு மாசம் லீவுல இருந்தியே, அதுல கத்துக்கிட்டதை எழுது" என்று சொல்லி, அறிவியல் மிஸ் இந்த மாதத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

போன வருஷம் மே மாதம், கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது, பைபாஸ் ரோட்டில் பின்விளக்கு எரியாமல் நின்ற ஒரு லாரியில் எங்கள் கார் மோதியது. அப்பாதான் ஓட்டினார். எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. அம்மாவுக்குக் கையில் தையல். அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"கால்தான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

1. எலும்பு எப்படிக் கூடுகிறது?

முறிந்த எலும்பை டாக்டர் ஒட்டுவதில்லை! நேராக வைத்து, அசையாமல் இருக்க மாவுக்கட்டோ, தகடோ, கம்பியோ போடுகிறார், அவ்வளவுதான். கூடுவது எலும்போட சொந்த வேலை.

முதலில் முறிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒரு பாலம் உருவாகிறது. பிறகு அதில் கால்சியம் படிந்து, பல வாரங்களில் கெட்டி எலும்பாகிறது. அதற்கப்புறமும் பழைய வடிவத்துக்கு வர மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். எக்ஸ்ரேயில் "கூடிடுச்சு" என்று சொன்ன பிறகும் ஓடாதே, குதிக்காதே என்பது இதனால்தான்.

2. சதை ஏன் வற்றுகிறது?

எனக்கு இதுதான் அதிர்ச்சி. பல வாரம் ஊன்றாமல் இருந்ததில், வலது கெண்டைக்கால் இடது காலில் பாதி மாதிரி தெரிந்தது. வேலை செய்யாத தசையை உடம்பு சீக்கிரமே இளைக்க வைத்துவிடுகிறது. மூட்டும் இறுகிவிடும். அதற்குத்தான் பிசியோதெரபி. படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது (இது காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் உதவும்), முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவது, பிறகு வாக்கர், பிறகு ஒற்றை ஊன்றுகோல், பிறகு சுவரைப் பிடித்து நடப்பது. எதை எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். ஆனால் திடீரென்று வீக்கம், சூடு, காய்ச்சல், குத்துகிற வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

3. என்ன சாப்பிடலாம்?

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது ஆட்டுக்கால் சூப். குடிக்கலாம், நல்லா இருக்கும்! ஆனால் அது மட்டும் போதாது. எலும்புக்கு கால்சியம், புரதம், வைட்டமின் டி மூன்றும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். வைட்டமின் டிக்கு வெயிலும் வேண்டும். எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று யாராவது வந்தால், தகடு வைத்த காலைக் கொடுக்காதீர்கள்.

4. மனசுக்கு எக்ஸ்ரே உண்டா?

இல்லை. அதுதான் பிரச்சினையே.

நம் மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் 'அமிக்டலா' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து வந்தால் மணி அடிப்பது அதன் முக்கிய வேலை. மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். விபத்துக்குப் பிறகு இந்த மணி சும்மா சும்மா அடிக்கும். லாரி ஹாரன் கேட்டால் அடிக்கும், டயர் தேயும் நாற்றம் வந்தால் அடிக்கும். தூக்கம் வராது, கெட்ட கனவு வரும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும்.

முதல் சில வாரங்களில் இது எல்லாருக்கும் வரக்கூடியதுதான். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், படிப்பையோ வேலையையோ கெடுத்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதற்கு மருத்துவத்தில் பி.டி.எஸ்.டி. என்று ஒரு பெயரே இருக்கிறது. கோழைத்தனம் இல்லை, பைத்தியமும் இல்லை.

எங்க பாட்டி "புள்ள பயந்திருக்கா" என்று வேப்பிலையால் தடவி திருநீறு பூசினார்கள். நான் சிரித்தேன். ஆனால் யோசித்தால், பயமும் கவனிக்க வேண்டிய ஒரு நோவு என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது பாட்டிதான்!

5. கீறல் இல்லாதவருக்கு வந்த வலி

அப்பாவை எல்லாரும் "கடவுள் புண்ணியம், உங்களுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார்கள். ஆனால் அவர் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார். என் காலைப் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் அவரை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கவில்லை.

எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அக்காதான் கவனித்து, மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் சொன்ன வழி என் காலுக்குச் சொன்னது போலவேதான், படிப்படியாக! முதலில் நிற்கிற காரில் சும்மா உட்காருவது. அடுத்த வாரம் இன்ஜினை மட்டும் போடுவது. பிறகு தெருமுனை வரை. படபடப்பு வந்தால் இறங்கி ஓடாமல், மெதுவாக மூச்சை விட்டு, அது தணியும்வரை இருப்பது. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும், கொஞ்சம் கொஞ்சமாக எதிரில் நின்றால் குறையும். அப்பா இப்போது மார்க்கெட் வரை ஓட்டுகிறார். பைபாஸுக்கு இன்னும் போகவில்லை. பரவாயில்லை, அவரும் வாக்கரில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரியுமா?

★ நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பின் வலது காலை இழந்தார். 'ஜெய்ப்பூர் கால்' பொருத்தி, 1984இல் மறுபடி மேடையில் ஆடினார். நாம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம், நடுவில் முழுசாக இரண்டு மூன்று வருஷம் இருக்கிறது!

★ தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் தொடங்கியது.

★ 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைப் பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. பயப்படாமல் உதவலாம்.

★ மனசு சரியில்லை என்றால் 14416க்கு இலவசமாகப் பேசலாம். 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியாக, உங்களிடம் மூன்று வேண்டுகோள்:

1. விபத்திலிருந்து வந்தவரிடம் "எப்படி ஆச்சு, சொல்லு சொல்லு" என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுங்கள்.

2. "அதையே நினைச்சிட்டு இருக்காதே" என்று சொல்லாதீர்கள். நாங்கள் நினைப்பதில்லை, அதுவாக வருகிறது.

3. காயம் பட்டவரைப் பார்க்கப் போனால், காயம் படாமல் பக்கத்தில் நிற்பவரையும் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேறு சந்தேகம் இருந்தால் மத்தியானம் வேப்பமரத்தடியில் என்னிடமே கேட்கலாம். என் காலைப் பற்றி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க, எனக்கு இப்போ எக்ஸ்ரே பார்க்கவே தெரியும்!