தாத்தா தந்த வேட்டைக் கத்தி: ஊரும் வயதும் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன், பென்சில்வேனியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் இலையுதிர்காலம் வந்தால் மான் வேட்டை தொடங்கிவிடும். சென்ற நூற்றாண்டில் அங்கே வளர்ந்த பல சிறுவர்களுக்கு அப்பாவோ தாத்தாவோ தந்த பெருமைக்குரிய பரிசு, தோல் உறையில் செருகிய வேட்டைக் கத்தி. சாரணர் முகாமில் குச்சி சீவிய அந்தக் கத்தியை முதுமையிலும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. யார் செய்தது, எந்தக் காலத்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போதுதான் திகைக்கிறார்கள். பதில் பெரும்பாலும் கத்தியிலேயே இருக்கிறது.

அலகு பிடியோடு சேரும் இடத்தில், கூர் தீட்டாமல் தட்டையாக விட்ட சிறு பகுதியை முதலில் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் பெயரையும் ஊரையும் அங்கேதான் முத்திரையாகக் குத்தின. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து புலப்படும். துரு தெரிந்தவுடன் உப்புத்தாளை எடுப்பவர்கள் இந்தச் சான்றைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

முத்திரை வாசிக்கக் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. 'வெஸ்டர்ன்' என்ற பெயருக்குக் கீழே போல்டர், கொலராடோ என்றிருந்தால் ஊர் தெரிந்துவிடும். அந்த நிறுவனத்தின் 'எல் 66' போன்ற மாடல் எண்களில் வரும் 'எல்', தோல் பிடியைக் குறிக்கிறது. 'பக்' நிறுவனம் 1986 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு தனிக் குறியைச் சேர்த்தது. குறி இல்லாத பழைய பக் கத்தி அதற்கு முந்தியதாகவே இருக்கும். 'கேஸ்' நிறுவனம் 1970இல் தன் மடக்குக் கத்திகளின் முத்திரைக்கடியில் பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்த வரிசையில் ஏழு புள்ளிகள் இருந்தால் 1973.

எல்லா எண்ணும் இப்படி நேராகப் பேசாது.

மிச்சிகனின் கிளாட்ஸ்டன் ஊரில் வெப்ஸ்டர் மார்பிள் நிறுவிய 'மார்பிள்ஸ்' நிறுவனத்தின் 'உட்கிராஃப்ட்' கத்தியில் 1916 என்று பொறித்திருக்கும். அது காப்புரிமை பெற்ற ஆண்டு. அதே எண்ணோடு கத்திகள் பிறகும் பல ஆண்டுகள் வெளிவந்தன. 'சோலிங்கன்' என்ற சொல்லை நிறுவனப் பெயராக நினைப்பவர்களும் உண்டு. அது கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஜெர்மானிய நகரம். அங்கே எத்தனையோ பட்டறைகள் இருந்தன. செய்தவரை அறிய, உடன் இருக்கும் சின்னத்தையும் பார்க்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டு நடைமுறைப்படுத்தியது. அதனால் நாட்டின் பெயரும் காலத்தைச் சொல்லும். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் கத்தி 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம்.

முத்திரையே இல்லையென்றால் பிடியைப் பார்க்க வேண்டும். தோல் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து இறுக்கிய பிடி, 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வேட்டைக் கத்திகளில் மிகப் பரவலானது. வட்டுகளுக்கிடையே உள்ள வண்ண வளையங்களின் வரிசையையும், பிடியின் கோடியில் உள்ள குமிழின் வடிவையும் பழைய விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட்டு நிறுவனத்தை ஊகிக்கலாம். கரடுமுரடான கொம்புப் பிடி நம் காட்டுக் கடமானுடையதாகவும் இருக்கலாம். இந்தியாவிலிருந்து அந்தக் கொம்பு ஒரு காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளுக்கு ஏராளமாகப் போனது.

உறையையும் தூக்கி எறியக் கூடாது. நிறுவனத்தின் பெயர் அதில் அழுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் கத்தியை உறைக்குள்ளேயே நெடுநாள் வைக்கவும் கூடாது. பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் ஈரமும் இரும்பை அரிக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். இரண்டையும் தனித்தனியே வைத்து, முத்திரையை இருபுறமும் படமெடுத்து, அலகின் நீளத்தை அளந்து, யார் எப்போது தந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் வைக்கலாம். பிடியில் சிறுவன் கீறிய தன் பெயரெழுத்துகள் இருந்தால் அவற்றைத் தேய்த்து அழிக்க வேண்டாம். சேகரிப்பவர் அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் இந்தக் கத்தி இந்தக் குடும்பத்தினுடையது என்பதற்கு அந்தக் கீறல்தான் சான்று.